கீசர்காரரும் வாஷரின் கல்லும்

கீசர்காரருக்குத் தெரியாத கல் இந்த உலகத்தில் கிடையாது. இது அவருடைய அபிப்பிராயம். அதை நாலு பேர் காதில் விழும்படி சொல்வதில் அவருக்குக் கூச்சமும் கிடையாது. தண்ணீர் சூடாகவில்லை என்று யார் கூப்பிட்டாலும் போவார், கீசரைக் கழற்றுவார், உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் காயிலை வெளியே இழுத்து, அதன் மேல் மொத்தமாகப் படிந்த வெள்ளைக் கல்லை வீட்டுக்காரர் மூக்குக்கு நேராகக் காட்டுவார். பிறகு ஆசிட் கலந்த வாளியில் அதை முக்குவார். கல் நுரைத்துக் கரையும். வீட்டுக்காரர் வாயைப் பிளப்பார். எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும் குழாயைத் திறந்துவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்பார். "ஓட்டம் பாக்கணும். ஓட்டம் நல்லா இருந்தா உள்ள எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை. மனிதர் வாய் பெரியது என்றாலும் கை சுத்தம்.

கடை சின்னது. கழற்றிப் போட்ட கீசர்கள் சுவரோரம் அடுக்கியிருக்க, நடுவில் ஒரு நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் அது வாஷருடையது. வாஷர் குட்டையான, உருண்டையான, பழுப்பு நிற ஆண் நாய். குழாய்க்குள் போடும் ரப்பர் வளையம் மாதிரி, எந்தச் சந்தில் விட்டாலும் அளவெடுத்ததுபோல் பொருந்தி உட்கார்ந்துவிடுவதால் அந்தப் பெயர். வயதாகிவிட்டது, முகமெல்லாம் நரை. பிள்ளைகள் தூரதேசம் போனபிறகு அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சண்டை போட்டாலும் சமாதானமானாலும் நடுவில் இருந்தது அதுதான். கீசர்காரர் வேர்க்கடலை தின்றால் பாதி அதற்கு.

கடை வாசலில் ஒரு பழைய குழாய் இருந்தது. எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும். ஊரார் வீட்டுக் குழாயைப் பார்க்கவே நேரம் போதாதவருக்குத் தன் கடைக் குழாயைப் பார்க்க எங்கே நேரம்? ஒருநாள் பக்கத்துக் கடை முடிதிருத்துபவர், வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே சத்தமாகக் கேட்டுவிட்டார்.

"ஏண்ணே, உங்க கை பட்டா ஒரு சொட்டு ஒழுகாதும்பீங்களே, அப்போ இந்தக் குழாயில உங்க கை படவே இல்லையா?"

நாற்காலியில் சவர நுரையோடு இருந்தவர் வரைக்கும் சிரித்தார்கள். கீசர்காரருக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பளபளவென்று புதுசு போட்டார். முடிதிருத்துபவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, குழாய்க்குக் கீழே விரலை நீட்டச் சொல்லி, ஈரம் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்று சொல்ல வைத்த பிறகுதான் விட்டார்.

அதற்கப்புறம் கொஞ்ச காலத்தில் வாஷருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. முதலில் கவனித்தது கீசர்காரரின் மனைவி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எந்தப் பிள்ளை எப்போது முகம் சுளிக்கிறது என்று கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிடுவார்.

"ஏங்க, இவன் காலைத் தூக்கிக்கிட்டு நின்னுக்கிட்டே இருக்கான். வரவே மாட்டேங்குது. வந்தாலும் செவப்பா இருக்கு."

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா சிறுநீர் வேண்டும் என்றார். அதை யார் பிடிப்பது? கீசர்காரருடைய மனைவி சமையலறைக் குழிக்கரண்டியை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் வாஷருக்குப் பின்னாலேயே நடந்தார். வாஷர் திரும்பிப் பார்க்கும், கரண்டியைப் பார்க்கும், காலைக் கீழே வைத்துவிடும். தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் ஏமாந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் பிடித்தார். அந்தக் கரண்டி அதற்கப்புறம் சமையலறைக்குத் திரும்பவில்லை.

டாக்டரம்மா அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, அவர்களையும் பார்க்கச் சொன்னார். சதுரம் சதுரமாக, நடுவில் பெருக்கல் குறி போட்டது போல, ஒட்டிய தபால் உறையின் முதுகு மாதிரி சின்னச் சின்னப் படிகங்கள். மனைவி வெகுநேரம் பார்த்தார். கீசர்காரர் ஒரு கண்ணை வைத்து எடுத்துவிட்டார். கல்தானே, பார்க்காத கல்லா!

"இன்னும் பெரிய கல்லாகல, மணலா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஆண் நாய்க்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல். ஒண்ணு போய் அடைச்சா ஆபத்து. ஆபரேஷன்னு வந்தா இவன் இதயம் மயக்க மருந்தைத் தாங்காது. அதனால அந்த நிலைமைக்கே போகவிடக் கூடாது. சாப்பாட்டுலதான் சரிபண்ணணும்."

சொல்லிக்கொண்டே போனார். காய்ந்த பிஸ்கட் வேண்டாம், வேர்க்கடலை கூடவே கூடாது, கீரை கூடாது. தான் எழுதித் தரும் அளவுப்படி சமைத்து, அதில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கஞ்சி பதத்தில் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு பொடி. சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கீசர்காரரும் ஆட்டினார், ஆனால் அது வேறு ஆட்டம்.

புளிப்பைக் குறைக்கவா? அந்த ஒரு வார்த்தை அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. புளிப்புதானே கல்லைக் கரைப்பது! கடைக்கு வந்ததும் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தார். தண்ணீர் சோதிக்கும் தாள் அவரிடம் எப்போதும் இருக்கும். புளிப்புத் தண்ணீர் என்றால் அது சிவக்கும், எதிர்ப்பக்கம் போனால் நீலமாகும். நீலத் தண்ணீர் ஓடுகிற வீட்டுக் கீசரில்தான் கல் கல்லாகப் படியும் என்பது அவர் அனுபவம். தாளை முக்கினார். பச்சையைத் தாண்டி நீலத்துக்குப் போனது.

"படிச்சவங்கதான், பாவம், கீசரைக் கழட்டிப் பாத்ததில்ல" என்று வாஷரிடம் சொன்னார். டாக்டரம்மா மேல் அவருக்குக் கோபமில்லை. தவறு எல்லோருக்கும் வரும், திருத்தத்தான் தான் இருக்கிறோமே என்கிற பெருந்தன்மை. மதியச் சாப்பாடு கடையில் என்பதால் பொடி கலப்பது அவர் பொறுப்பு; அன்றிலிருந்து பொடி டப்பா கடை மேசைக்குள் போனது. அதற்குப் பதிலாக மருந்துக் கடையில் புளிப்பான வைட்டமின் சி மாத்திரை வாங்கி நசுக்கி, மதியச் சாப்பாட்டில் கலந்து கொடுத்தார். மேலே சில சொட்டு வினிகர். ஆசிட் வாளியில் காயிலைப் போடுகிறவர், நாய்க்குப் பாதகமில்லாத புளிப்பாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார். அந்த மட்டுக்கும் நல்ல மனசு.

வீட்டில் மனைவி டாக்டர் சொன்னதை அப்படியே செய்தார். கோழிக்கறியை வேகவைத்து, அளந்து, தண்ணீர் சேர்த்து, விரலை விட்டுச் சூடு பார்த்து வைத்தார். கிண்ணத்துத் தண்ணீரை மட்டும் வாஷர் மோந்துகூடப் பார்க்கவில்லை. கடையில் கீசர்காரர் வாஷரின் சிறுநீரில் தாளை முக்கி முக்கிப் பார்த்தார். நாளுக்கு நாள் சிவப்பு ஏறியது. அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. வாஷர் அடிக்கடி காலைத் தூக்குவதும் சொட்டுச் சொட்டாக விடுவதும் நின்றபாடில்லை என்பது கண்ணில் படாமல் இல்லை. கல் கரைந்து வரும்போது கொஞ்சம் கரகரக்கத்தானே செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுபடி டாக்டரிடம் போன அன்று, டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தபோது முகம் மாறியிருந்தது.

"முன்னைவிட ஜாஸ்தியா இருக்கே. நான் சொன்னபடிதான் கொடுத்தீங்களாம்மா?"

மனைவி பதறிப்போனார். "ஒரு பருக்கை மாறல டாக்டர். சத்தியமா."

அப்போது கீசர்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டைப்பையிலிருந்து சிவந்த தாள்களை எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினார். "இதப் பாருங்க டாக்டர். எப்படிக் கொண்டாந்திருக்கேன்! இனிமே கல்லு நிக்காது."

ஒரு மனிதன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு மாலைக்காகக் கழுத்தை நீட்டுவதை டாக்டரம்மா அதுவரை பார்த்திருக்க மாட்டார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். இவர் சொன்னார், பெருமையாகவே சொன்னார். டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"சார், நாய்க்கு வர்ற கல்லுல ரெண்டு முக்கியமான வகை. ஒண்ணு நீங்க சொல்ற மாதிரி புளிப்புல கரையும். இவனுக்கு வந்திருக்கறது இன்னொண்ணு. ஒரு தடவ உண்டானா எதுலயும் கரையாது. புளிப்பு ஏற ஏற இன்னும் உண்டாகும். அந்த வைட்டமின் மாத்திரை இருக்கே, அது உடம்புக்குள்ள போய் இந்தக் கல்லுக்குத் தீனியாவே மாறும். அதான் அன்னிக்கு உங்களப் பாக்கச் சொன்னேன். தபால் உறை மாதிரி தெரிஞ்சதே, அதுதான் இந்த வகை."

கீசர்காரர் மேசையில் இருந்த தாள்களைப் பார்த்தார். அத்தனையும் தன் கையால் செய்தது.

"அடைச்சுக்கிட்டா?" என்று கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"இன்னும் அடைக்கல. அடைச்சா என்னால காப்பாத்த முடியும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். மாத்திரைய நிறுத்துங்க, பொடியக் கொடுங்க. எப்படியாவது தண்ணி குடிக்க வைங்க. தண்ணி நிறைய ஓடினா இருக்கற மணலும் வெளிய போகும்."

திரும்பும்போது வேனில் மனைவி சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினார். வாஷர் கீசர்காரர் மடியில் இருந்தது.

"அந்த அம்மா என்னிக்காவது உங்க கடைக்கு வந்து, காயிலை இப்படி மாட்டாதீங்கன்னு சொல்லியிருக்காங்களா?"

அவர் வாஷரின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். இந்த உருண்டை உடம்பு இல்லாத கடையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வைட்டமின் மாத்திரைகள் குப்பைக்குப் போயின. பொடி கஞ்சிக்குள் வந்தது. தண்ணீர்தான் பெரும்பாடு. கிண்ணத்தை மாற்றினார், இடத்தை மாற்றினார், மண்டியிட்டுக் கெஞ்சினார், தானே குடித்துக் காட்டினார். வாஷர் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

ஒரு மதியம் பழுது பார்த்த கீசர் ஒன்றில் தண்ணீர் நிரப்பிச் சோதனைக்கு மாட்டியிருந்தார். அதன் வால்வு இறுக்கம் போதாமல் சொட்டத் தொடங்கியது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு திரும்பினால், வாஷர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, வால்வுக்குக் கீழே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, விழுகிற சொட்டை ஒன்று விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. வயிறு அசைந்து அசைந்து குடித்தது.

ஸ்பேனர் கையிலேயே நின்றது. கீசர்காரர் மெல்லத் திரும்பி வாசல் குழாயைப் பார்த்தார். பளபளவென்று, சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. பழைய குழாய் இருந்த காலத்தில் அதன் அடியில் எந்நேரமும் கிடந்தது யார்? மோவாய் எப்போதும் நனைந்தே இருந்தது யாருக்கு? தெருத் தண்ணீரில் வாய் வைத்திருக்கும் என்று எத்தனை தடவை தன் துண்டால் அந்த மோவாயைத் துடைத்துவிட்டிருப்பார்! முடிதிருத்துபவர் கடையில் நாலு பேர் சிரித்தார்கள் என்பதற்காக, நாயின் தண்ணீரையே அடைத்துவிட்டிருந்தார்.

வால்வை இறுக்கவில்லை. வாஷர் குடித்து முடிக்கும்வரை அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு வாசலுக்குப் போய்ப் புதுக் குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த நல்ல ரப்பர் வாஷரை எடுத்துவிட்டு, தேய்ந்துபோன பழையது ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டார். சொட்டு எப்படி விழ வேண்டும் என்று கூட்டியும் குறைத்தும் பார்த்தார். ஒரு குழாயை ஒழுகாமல் செய்ய அவர் அத்தனை பாடுபட்டதில்லை. வீட்டுக் குளியலறைக் குழாய்க்கும் அதே வைத்தியம் நடந்தது. மனைவி பார்த்துவிட்டு அடியில் ஒரு தட்டத்தை வைத்தார்.

அடுத்த முறை டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, இந்தத் தடவை படிகமே கண்ணில் படவில்லை என்றார். ஆனால் இது தீர்ந்துபோகிற நோய் இல்லை, ஆயுசுக்கும் கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். கீசர்காரர் தானாகவே குனிந்து மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

அந்த வாரமே புது வாடிக்கையாளர் ஒருவர் பழுதான கீசரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வாசலில் நின்று, சொட்டுகிற குழாயையும் அடியில் தேங்கிய ஈரத்தையும் மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் பெரிய கைன்னு சொன்னாங்க. உங்க கடைக் குழாயே ஒழுகுதே?"

பக்கத்துக் கடையில் கத்தரிச் சத்தம் நின்றது. முடிதிருத்துபவர் எட்டிப் பார்த்தார்.

"ஆமாங்க, ஒழுகுது" என்றார் கீசர்காரர்.

அந்த இரண்டு சொல்லை அவர் வாயிலிருந்து அந்தத் தெரு கேட்டதே இல்லை. வந்தவர் கீசரை இறக்குவதா வேண்டாமா என்று தயங்கி நின்றார். அதற்குள் குழாயடியில் குடித்து முடித்த வாஷர், மோவாயில் நீர் வடிய, எதிரே இருந்த விளக்குக் கம்பத்துக்குப் போய்க் காலைத் தூக்கியது.

"கொஞ்சம் இருங்க" என்று கீசர்காரர் கையை உயர்த்தினார். எழுந்து வாசலுக்கு வந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றார். தெளிந்த நீர், தடையில்லாமல், நேராக, நீண்ட நேரம் போனது.

"என்ன பாக்கறீங்க?" என்றார் வந்தவர்.

"ஓட்டம் பாக்கறேன். நல்லா இருக்கு." கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

வந்தவர் நாயைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, கீசரைக் கடைக்குள் இறக்கி வைத்துவிட்டு, எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டார்.