பாலத்தின் மேல் மாமா

சுற்றுலாப் படகில் ஒரு பயணி கேட்டார்: "இத்தனை பாலம் இருக்கே, எது மேல நின்னா ஊர் அழகாத் தெரியும்?"

சுக்கானைப் பிடித்திருந்த மாமா திரும்பாமலே சொன்னார்: "மேல போனவங்களைக் கேளுங்க."

"நீங்க போனதே இல்லையா?"

"நமக்கு அடிப்பக்கம்தான் அத்துப்படி."

படகே சிரித்தது. ஒலிபெருக்கியோடு பயணிகளைப் பார்த்து நின்று இரண்டு மொழியில் வர்ணனை சொல்லும் மருமகள் மட்டும் சிரிக்கவில்லை; அதை மற்ற மொழியில் சொல்லாமலும் விட்டாள். அவர் சொன்னது வேடிக்கையல்ல என்று அவளுக்குத் தெரியும். பாலத்தில் கால் வைக்கவே மாமாவுக்குப் பயம். அக்கரைக்கு எப்போதும் படகில்தான் போவார். 'தண்ணியில சிங்கம், கல்லு மேல பூனை' என்று அத்தை வாரிக்கொண்டே இருப்பாள்.

மழைக்காலத்தில் ஆறு பெருகி, படகுகளை நிறுத்திவிட்டார்கள். அன்று பார்த்துத்தான் அக்கரை ஆஸ்பத்திரியிலிருந்து அத்தையின் போன் வந்தது. பிரசவத்துக்குச் சேர்த்திருந்த மகளுக்குப் பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம், உடனே ஆபரேஷன். அப்பாவைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன் என்று அழுகிறாளாம். வண்டிப் பாலத்தில் நெரிசல் அசையவில்லை. நடந்து போகும் பழைய கல்பாலம்தான் வழி.

நாலடி வைத்ததும் மாமா கைப்பிடிச் சுவரை அணைத்துக்கொண்டு நின்றுவிட்டார். 

மருமகள் அதிகம் பேசாதவள். தைரியம் சொல்ல அவளுக்கு வராது. படகில் நிற்பதுபோல் அக்கரைக்கு முதுகைக் காட்டி, அவர் எதிரே நின்றாள்.

"ஆத்தைப் பாக்காதீங்க மாமா. என் மூஞ்சியைப் பாத்துட்டே வாங்க."

பின்பக்கமாக நடந்தபடியே தினமும் சொல்லும் வர்ணனையை ஆரம்பித்தாள். பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு மொழியிலும் சொன்னாள். மாமா நகர்ந்தார். கேமராவும் கையுமாக நாலைந்து பேர் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். டிக்கெட் எவ்வளவு என்று ஒருவர் விசாரித்தார்.

"சும்மாவே வாங்க," என்றார் மாமா, கண்ணை எடுக்காமல். "என்னைத் தள்ளாம வந்தாப் போதும்."

நடுப்பாலத்துக் கல்சிங்கத்தின் கதையோடு அவளுடைய சரக்கு தீர்ந்தது. பேச்சு நின்றதும் கீழே வெள்ளத்தின் இரைச்சல் கேட்டது. மாமாவும் நின்றார். அவள் வாயில் வந்ததைச் சொன்னாள்: "இந்த வளைவுக்கு அடியில புறாக்கள் கூடு கட்டியிருக்கு."

"புறாவா? இது வௌவால் வளைவு," என்றார் மாமா. "புறா அடுத்ததுல."

அடுத்ததில் என்னென்ன இருக்கிறது என்று அவள் தப்புத்தப்பாக அடுக்க, திருத்திக்கொண்டே வந்தவரின் காலடியில் தரை வந்துவிட்டது. அதைக் கவனிக்காமல் தூண்களைப் பற்றி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டும் முன் மகளின் கையைப் பிடித்துவிட்டார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

சாயங்காலம் வெளியே வந்து, பாலத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

"திரும்பிப் போறப்ப அந்தச் சிங்கத்தோட கதையைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லும்மா. நட்டநடுவுல தீந்துபோவுது."