வேலையில்லாமல் நடந்தவர்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் முனிகிருஷ்ணன். எழுபத்துநாலாம் வருஷம் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது, பொன்னேரி டாக்டர் இரண்டே விஷயம்தான் சொன்னார். இனிப்பைத் தொடக்கூடாது, தினமும் காலையில் நடக்க வேண்டும். கவரைப்பேட்டையில் அவர் குடியிருந்த தெருவைப் பற்றி டாக்டருக்குத் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். சைக்கிள் கடை அசன் முகைதீன் வழிமறித்தார்.

"இன்னாண்ணே, நடந்து போய்க்கினு கீறீங்க? சைக்கிள் இன்னாச்சு?"

"நல்லாத்தான் கீது பாய். சும்மா நடக்கிறேன்."

"சும்மாவா?" பாய் குரலைத் தாழ்த்தினார். "ஊட்ல எதுனா பேஜாரா?"

அந்த வாரத்துக்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. முனிகிருஷ்ணனுக்கு வேலை போய்விட்டது, சைக்கிளையும் விற்றுவிட்டார். மூத்த மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன பள்ளிப்பட்டுக்காரர்கள் பஸ் ஏறி வந்து ஆலை வாசலிலேயே விசாரித்தார்கள். வேலை போகவில்லை என்று தெரிந்தும், பிறகு ஏன் நடக்கிறார் என்ற சந்தேகம் தீரவில்லை. வியாதி என்று உண்மையைச் சொன்னால் வரன் தங்காது.

"வேண்டுதல்னு சொல்லிட்டு நடங்க. எவன் கேக்கிறான்னு பாக்கலாம்" என்றாள் மனைவி செல்லியம்மாள்.

மார்கழி பிறந்திருந்தது. ஏரிக்கரைப் பெருமாள் கோயில்வரை நடப்பதாக வேண்டுதல் என்றார். அதோடு கேள்வி நின்றது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆனால் அவ்வளவு தூரம் நடந்து வருகிற பக்தரைப் பட்டர் வெறுங்கையோடு அனுப்புவாரா? நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கலைத் தினமும் இலை நிறைய வைத்தார். பிரசாதத்தை வேண்டாமென்று சொல்ல முனிகிருஷ்ணனுக்கு நாக்கு எழவில்லை. அதற்காக அவர் பெரிதாக முயலவுமில்லை.

மாதம் பாதியில் டாக்டர் பரிசோதித்துப் பார்த்தார். சர்க்கரை ஏறியிருந்தது.

"நடக்கிறீங்களா, இல்லையா?"

"ஒரு நாள் தவறலை சார்."

பொங்கலைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. கூடப் போயிருந்த செல்லியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் அவளும் கோயிலுக்கு நடந்தாள்.

"சாமி, பொண்ணு கல்யாணம் முடியிற வரைக்கும் இவரு இனிப்பைப் பெருமாளுக்கே உட்டுட்டாரு."

பட்டர் கண் கலங்கினார். அன்று மாலையே டீக்கடையில், கேட்காமலே சர்க்கரையில்லாத டீ வந்தது. டாக்டர் பேச்சுக்கு மசியாத ஊர், வேண்டுதலைக் காவல் காத்தது. நாலே மாதத்தில் அவர் உடம்பு தேறியது.

வைகாசியில் கல்யாணம். தாலி ஏறியதும் சம்பந்தி ஜாங்கிரித் தட்டோடு வந்தார். "வேண்டுதல் பலிச்சிடுச்சு, வாயைத் திறங்க!" அவருக்குப் பின்னால் உறவுக்காரர்கள் வரிசை கட்டினார்கள். முனிகிருஷ்ணன் வாயைத் திறந்தேவிட்டார்.

செல்லியம்மாள் குறுக்கே வந்தாள். "சின்னப் பொண்ணுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கினாரு."

சின்னவளுக்கு அப்போது வயது ஒன்பது.