படிகத்தைச் சேவித்தவர்

"அக்கா ஆசார்யன் திருவடி அடைந்தாள்" என்று போன வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து வேதவல்லி மேடத்தின் தம்பி செய்தி அனுப்பியிருந்தார். நான் கிறிஸ்தவன். ஏதோ கோயிலுக்குப் போயிருக்கிறார் போல என்று நினைத்து, 'எப்ப வருவாங்க?' என்று பதில் தட்டிவிட்டேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். இறந்துபோனதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்களாம்.

தில்லை நகரில் ஒரு ஸ்கேன் மையத்தில் நாங்கள் பத்தொன்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் காமா கேமராவில் படம் எடுப்பவன். அந்தக் கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு மேடத்துடையது. கதிர்மருந்து ஏற்றிய நோயாளியின் உடம்பிலிருந்து வரும் காமா கதிர் கேமராவுக்குள் இருக்கும் சோடியம் அயோடைடு படிகத்தில் பட்டால், பட்ட இடம் துளி வெளிச்சமாக மினுங்கும். அந்த மினுங்கல்கள் சேர்ந்ததுதான் படம். தினமும் முதல் நோயாளிக்கு முன்னால் படிகம் முழுக்க ஒரே சீராக மினுங்குகிறதா என்று நான் சோதிக்க வேண்டும். காலையில் பெருமாளைச் சேவிப்பதுபோல இதையும் சேவித்துவிட்டுத்தான் மற்ற வேலை என்பார் மேடம். "சேவிச்சாச்சா சார்?" என்று கேட்பார். நமக்கு வாய் சும்மா இருக்குமா? தீர்த்தம், சடாரிகூட ஆச்சு மேடம் என்பேன். சிரிக்கவே மாட்டார்.

அந்தப் படிகத்துக்குச் சூடு சட்டென்று மாறக் கூடாது. சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றியதுபோல விரிசல் விட்டுவிடும். ஒரு கோடையில் கரண்ட் போய் அறை வெந்து கிடந்தது. கரண்ட் வந்ததும், படிகத்தை மூடியிருக்கும் முன்தகட்டைக் கழற்றி வைத்திருப்பதை மறந்து, ஏசியைப் பதினெட்டில் வைத்தேன். மறுநாள் மேடம் லீவு, கூட்டம் வேறு. சோதனையைச் செய்யாமலே தொட்டியத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்குத் தைராய்டு படம் எடுத்தேன். சுரப்பியின் வலப்பக்கத்தில் ஓரிடம் மினுங்கவே இல்லை. கட்டியாக இருக்கலாம், ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த அம்மா அழுதுகொண்டே போனார்.

அடுத்த நாள் மேடம் தானே சோதித்தபோது படிகத்தின் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. படம் எடுத்த பிறகு இரவில் விரிசல் விட்டிருந்தால் அந்த அம்மாவின் படம் சரி. அதற்கு முன்பே விட்டிருந்தால் தப்பு. பழைய கேமரா, சோதனைப் படம் அதில் தங்காது. உண்மையைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

"நேத்து சேவிச்சேளா சார்?"

"சேவிச்சேன் மேடம். நல்லாத்தான் இருந்துச்சு."

வேலை போய்விடுமே என்ற பயம்தான், வேறென்ன? மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்த அம்மா கழுத்துல கத்தி படப் போறது. அதனால இன்னொரு தரம் கேக்கறேன். நேத்து சேவிச்சேளா?"

"இல்லைங்க மேடம்."

அப்போதே தொட்டியத்துக்குப் போன் செய்தோம். வேறு இடத்தில் எடுத்த படத்தில் சுரப்பி ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. நிர்வாகி என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். மேடமும் உள்ளே வந்து நின்றார்.

"தப்பு இவருதுதான். ஆனா கேட்டதும் சொல்லிட்டார்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் என் வேலை தங்கியது.

கேட்டதும் நான் சொல்லவில்லை. அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில், வேதவல்லி வாயில் பொய்யே வராது என்று வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். ஒரு பொய் சொன்னார் ஐயா, எனக்காக. அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுதான்.