சித்தப்பா பொத்தான் வைத்த பெல்ட்

என் சித்தி தோற்பதற்குச் சம்பளம் வாங்கியவர். பெண்கள் மல்யுத்தத்தைக் காட்சியாக நடத்தும் ஒரு கம்பெனியில் பல வருஷம் வேலை. யார் ஜெயிப்பது என்பதை முதலாளிதான் முடிவு செய்வார். ஆனால் விழுவது நிஜம், வலிப்பதும் நிஜம். சித்தியோடு மோதிய எந்தப் பெண்ணுக்கும் ஒரு நகக்கீறல்கூடப் பட்டதில்லை. தலைக்கு மேல் தூக்கினாலும் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல இறக்குவார். தான் மட்டும் தடாலென்று விழுவார். கம்பெனியில் அவருக்கு வைத்த பெயரே 'மெத்தை'. புதிதாக வரும் பெண்களுக்கெல்லாம் முதல் ஆட்டம் மெத்தையோடுதான். அவர்கள் சாம்பியன் ஆனார்கள். சித்தி வீட்டுக்கு வந்து, இடது இடுப்பில் ஆறாத பழைய அடிக்குச் சித்தப்பா கையால் வெந்நீர் ஒத்தடம் வாங்கிக்கொண்டார்.

சித்தப்பாவுக்குச் செருப்பு தைக்கும் கடை. கம்பெனியின் பூட்ஸெல்லாம் அவரிடம்தான் வரும். வருஷத்தின் பெரிய போட்டிக்கு முன்னால் சாம்பியன் பெல்ட்டும் வரும். அதன் பிரஸ் பட்டன்களைப் புது சாம்பியனின் இடுப்புக்குத் தக்கபடி அவர் மாற்றி வைக்க வேண்டும். ஆக, யார் ஜெயிக்கப் போகிறார் என்பது முதலாளிக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரியும். ஆட்டக்காரர்களுக்கே நடுவர் பாதி ஆட்டத்தில் காதோடு சொல்வதுதான். முன்கூட்டி வெளியே கசிந்தால் ஜெயிக்கும் ஆளையே மாற்றிவிடுவார் முதலாளி. சித்தப்பாவோ வாயைத் திறக்கமாட்டார். பொய்யும் வராது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். அது தெரிந்து சித்தியும் கேட்கமாட்டார்.

அந்த வருஷம் பெரிய போட்டியில் சித்திக்கும் ஒரு இளம்பெண்ணுக்கும் ஆட்டம். முதலாளி போனில் அளவைச் சொன்னதும் சித்தப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாராம். சித்தியின் உடைக்கெல்லாம் இடுப்புப்பட்டை தைத்தவருக்கு அந்த அளவு யாருடையது என்று சொல்லவா வேண்டும்?

அதே நாள் பார்த்துத்தானா சித்திக்கு அலுத்துப்போக வேண்டும்?

"போதுங்க," என்றார் சாப்பிடும்போது. "நாளைக்கே போய் வேலைய விட்டுடறேன்னு சொல்லிடப்போறேன். அந்தப் பொண்ணுகிட்ட அடிவாங்க வேற ஆள் பாத்துக்கட்டும்."

சித்தப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படிக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உக்காந்திருந்தா எப்படி? ஏதாவது சொல்லுங்க."

"இந்த ஒரு தடவ போ. நான் பாக்க வரேன்."

சித்தி சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. பெண்டாட்டி அடிவாங்குவதை எவன் பார்ப்பான் என்பார். கடைசி ஆட்டமாயிற்றே என்று வருகிறார்போல என்று சித்தி நினைத்துக்கொண்டார். "சரி, உங்களுக்காக ஒரு தடவ நல்லா விழறேன்," என்று சிரித்தார்.

அதன்பிறகு இரண்டு வாரம் சித்தப்பா அவர் முகத்தை ஏறிட்டே பார்க்கவில்லை. எதிரில் உட்கார்ந்தால் தலைவலி, கூப்பிட்டால் கடையில் தலைபோகிற வேலை. "நான் தோக்கப்போறது தெரிஞ்சு பரிதாபப்படறாரு," என்று சித்தி என்னிடம் கண்கலங்கினார். எனக்கு அந்தக் கல்லுளிமங்கன் மேல் ஆத்திரமாக வந்தது.

போட்டியன்று அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். சித்தி விழும்போதெல்லாம் என் கையைப் பிடித்து நசுக்கினார். ஒரு கட்டத்தில் நடுவர் குனிந்து சித்தியின் காதில் ஏதோ சொன்னார். சித்தி படுத்த வாக்கிலேயே "என்னது?" என்றது முதல் வரிசைவரை கேட்டது. மெல்ல எழுந்தார். அந்தப் பெண்ணைத் தூக்கினார், வழக்கம்போல வலிக்காமல் இறக்கினார், மேலே படுத்து அமுக்கினார். நடுவர் தரையை மூன்று முறை தட்டினார்.

பெல்ட்டைக் கொண்டுவந்து சித்தியின் இடுப்பில் கட்டினார்கள். பட்டன் டக்கென்று மாட்டியது. சித்தி இடது பக்கம் விரலை உள்ளே விட்டுத் தடவினார். பழைய அடி உள்ள அந்த இடத்தில் மட்டும், உரசாமலிருக்க மெல்லிய தோலை மடித்து வைத்துத் தைத்திருந்தது. அந்த வலி இருக்குமிடம் உலகத்தில் இன்னொருவருக்குத்தான் தெரியும்.

சாம்பியன் ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கை நீட்டினார்கள்.

"அதோ உக்காந்திருக்காரே, அந்த மனுஷன் ரெண்டு வாரமா என் மூஞ்சியவே பாக்கல," என்றார் சித்தி. "யோவ், இப்பவாவது பாருய்யா!"

சித்தப்பா எழுந்து நின்று பார்த்தார். அவர் அழுத அழுகையில் ஒன்றும் தெரிந்திருக்காது.