கைப்பிடி விரிசலும் ஒரு மனுவும்

மனு கிடைத்த மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் பதில். விதி இதுதான். வேலையில் இருந்த காலமெல்லாம் இதைப் பிறருக்கு எடுத்துச் சொன்னவன் நான், மீறியவனும் நான்தான். கார்த்திகை பிறந்ததும் அனுப்பிய என் மனுவுக்கு ஒப்புகைகூட வராதபோது, அது எப்படிப்பட்ட மேஜையில் தூங்குகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மனு பக்கத்துத் தெருக்காரருக்காக எழுதியது. செராமிக் தொழிற்பேட்டையில் சிறிய மின்சூளை வைத்து டீ கப் செய்கிறார். ஐப்பசி முடிவிலிருந்து, சூளையைத் திறந்தால் பத்துக்கு மூன்று கப்பில் கைப்பிடியின் அடியில் விரிசல். கைப்பிடி ஒட்டுவது கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். அடுத்த சூளையும் இப்படி வந்தால் அவளை நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். எனக்குக் கரண்ட் மேல் சந்தேகம். வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்று மின்வாரியத்துக்கு எழுதிப் போட்டேன்.

"போனுல பேசிக்கிட்டே ஒட்டுது சார். வேற எப்படி வரும்?" என்றார் அவர்.

"ஆடி மாசமும் பேசிக்கிட்டுதான் ஒட்டுனேன். அப்ப விரியலயே," என்றாள் அவள், களிமண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அலுவலகத்தில் ஒரு கோப்பு காணாமல் போனால், யார் தொலைத்தது என்று கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைக்கு எல்லோரும் லீவில் இருந்திருப்பார்கள். கடைசியாக எந்த மேஜையில் ஒழுங்காக இருந்தது, பிறகு என்ன மாறியது என்றுதான் கேட்க வேண்டும். இங்கேயோ, சூளையிலிருந்து எடுத்த கப்பெல்லாம் ஒரே கூடையில் விழும். எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஈரக் கப்பின் அடியில், அது காயும் பலகையின் எண்ணை ஆணியால் கீறச் சொன்னேன். சூளையில் எந்த அடுக்கில் வைத்தது என்பதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"கப்பு வாங்குறவன் ஜாதகம் எதுக்குன்னு கேப்பான் சார்," என்றார் முதலாளி.

சூளை திறந்தது. விரிந்த கப்புகள் மேலடுக்கிலும் இருந்தன, கீழடுக்கிலும் இருந்தன. ஆனால் அத்தனையும் முதல் பலகையில் காய்ந்தவை; அதே சூட்டில் வெந்த மற்றப் பலகைக் கப்புகள் விரியவில்லை. என் வோல்டேஜ் அதோடு போயிற்று. அந்தப் பலகைக்கு நேரே ஒரு ஸ்டாண்டு ஃபேன். காற்றுப் பட்ட பக்கம் முந்திக் காய்ந்து, மற்றப் பக்கத்தை இழுத்திருக்கிறது.

"இது எப்ப வந்துது?"

"ஐப்பசி மழையில மண்ணு காயலன்னு மொதலாளிதான் வாங்கியாந்தாரு," என்றாள்.

அவர் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். முன்பே தெரிந்திருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. அடுத்த சூளையில் விரிசல் இல்லை. அவள் வேலையும் போகவில்லை. எண் கீறுவதை மட்டும் அவள் விடவில்லை. "இருக்கட்டும் சார். நாளைக்கி வேற எதாச்சும் வந்தா?"

பிறகு பதில் வந்தது. நேரில் ஆய்வு செய்து மின் குறை சரிசெய்யப்பட்டதாம். யாரும் வந்ததை யாரும் பார்க்கவில்லை. முதலாளி இரண்டு முறை படித்தார்.

"பாத்தீங்களா சார், கரண்ட்டுதான்."

அவள் சுவரைப் பார்த்து நின்ற ஃபேனைப் பார்த்தாள். நான் பழக்க தோஷத்தில் காகிதத்தின் ஓரத்தில் எழுதினேன்: பெற்ற நாள், மாசி மகத்துக்கு மறுநாள்.