பீடக்கல்லுக்கு ஒத்தடம்

1958ஆம் வருஷம் பங்குனி மாசம், செபஸ்தியார் கோவில் சனங்கள் கல்தச்சர் தாண்டவராயனுக்கு எண்பது ரூபாய் கடன்பட்டிருந்தார்கள். உத்திரமேரூர்ப் பக்கம், கூலி நெல்லில் படி படியாக எடுத்துவைத்து அவர்கள் கட்டிய கோவில் அது. பூசை வைக்கும் பீடத்தை ஒரே கருங்கல்லில் இழைத்து ஏற்றியாயிற்று. பிஷப் வந்து கோவிலை மந்திரித்த பிறகு பணம் என்று பேச்சு.

தாண்டவராயன் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவர். திருப்புலிவனத்தில் அம்மி கொத்திப் பிழைத்து, யார் தயவும் இல்லாமல் பத்து ஆள் வைத்து வேலை வாங்கும் அளவுக்கு வந்தவர். அவர் உளி பட்டால் கருங்கல்லும் வாழைத்தண்டு மாதிரி வழிவிடும். இதில் மிகை ஒன்றும் கிடையாது.

விழாவுக்கு முதல் நாள் காலை, பங்குச் சாமியார் பீடத்தைத் தடவிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"மேஸ்திரி, நடுவுல குழி வெட்டச் சொன்னேனே, எங்கே?"

"வெட்டி, அடைச்சிட்டேன் சாமி. தேடுனாலும் ஆப்புடாது!" தாண்டவராயன் மீசையைத் தடவிக்கொண்டார். "பீடத்துல குழின்னா அதுல இன்னா வெக்கணும்னு எனக்கா தெரியாது? எங்க கோயில்ல எத்தினி வெச்சிருக்கேன்! ஒம்போது தானியத்துல ஒவ்வொரு மணி, என் சம்சாரம் மூக்குத்தில உடைஞ்ச பொன்னு ஒரு துளி. மேல அஷ்டபந்தன மருந்து. எல்லாம் என் கைக்காசு, நீங்க ஒண்ணும் தர வாணாம்."

சாமியார் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது வேதசாட்சியோட எலும்பு வைக்கிற குழி மேஸ்திரி. ஆதியில ரோமாபுரியில, வேதத்துக்காக உசுரு விட்டவங்க கல்லறை மேலயே பூசை வெச்சாங்க. அதனாலதான் இன்னைக்கும் பீடத்துக்குள்ள அப்படி ஒருத்தரோட எலும்புத் துணுக்கு இருக்கணும். நாளைக்குக் காலையில பிஷப் எடுத்துட்டு வர்றார். திறந்தாகணும். ஆனா, கல்லு விரிசல் விட்டா பீடம் செல்லாது."

கோவில் பணத்தை முடிந்து வைத்திருந்தவள் ராணியம்மாள், நடவுக்குப் போகிறவள். அவள் இடுப்பில் கையை வைத்தாள்.

"கல்லு பொளந்துச்சின்னா எண்பது ரூபா கெடையாது. இப்பவே சொல்லிக்கீறேன்."

தாண்டவராயன் உளியை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். அந்த மருந்து உளிக்கு அசையாது. அசைந்தால் கல்லின் விளிம்பையும் பெயர்த்துக்கொண்டுதான் வரும். தன் வேலை இவ்வளவு சுத்தமாக இருப்பதற்காக அன்றுதான் முதல்முதலாக வருத்தப்பட்டார். பணம் போனால் சம்பாதிக்கலாம். கல்லைப் பிளந்தவன் என்ற பேர் போகுமா?

மருந்தில் இருப்பது என்னென்ன என்று விரல் விட்டு எண்ணினார். அரக்கு, குங்கிலியம், மெழுகு, எருமை வெண்ணெய். எட்டுச் சரக்கில் இந்த நாலும் சூட்டுக்கு இளகுகிற சாமான். வைத்து மூன்று நாள்தான் ஆகிறது. நெருப்பை வைத்தால் கல் வெடித்துவிடும். மிதமான சூடு போதும்.

"ராணி, மணலு வறுத்துக் குடும்மே!"

"இன்னாத்துக்கு? கல்லுக்கு சுளுக்கா?"

"ஆமா. ஒத்தடம் குடுக்கணும்."

துணியில் முடிந்த சூட்டு மணல் மாறி மாறி வந்தது. உச்சி வெயில் ஏறியபோது மருந்து மினுமினுத்தது. மூங்கில் சீவலால் வெண்ணெய் வழிப்பது போல வழித்தார். கல்லில் மயிரிழை விரிசல் இல்லை. சாமியார் பொன் துளியைத் துடைத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

மறுநாள் சனம் நெருக்கியது. பிஷப் சின்ன ஈயச் சிமிழில் எலும்புத் துணுக்கோடு மூன்று சாம்பிராணி மணிகளை வைத்தார்.

"பாத்தியா, அவுரும் மணி போடுறாரு!" தாண்டவராயன் ராணியம்மாள் காதைக் கடித்தார். "மூணு. நான் ஒம்போது போட்டேன். ஆறுதான் சாஸ்தி."

"வாய மூடிக்கினு இரு மேஸ்திரி, கூப்புடுறாங்க!"

குழியின் மேல் மூடிக்கல்லை வைத்துப் பூசக் கல்தச்சரைத்தான் கூப்பிட்டார்கள். அத்தனை சனமும் பார்க்க, சாந்தை ஒரே இழுப்பில் பூசி முடித்தார்.

பூசை முடிந்ததும் ராணியம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். "மணலு வறுத்த வெறகுக்கு ஒரு ரூபா கழிச்சிக்கிறேன்."

"கழிச்சிக்கோ. ஒத்தடம் குடுத்த டாக்டர் பீஸு அஞ்சு ரூபா, அதையும் சேத்து வெச்சிடு."

"அய்ய, ஆளப் பாரு!" அவள் சிரித்துவிட்டாள். ஒரு ரூபாய் நோட்டு, பழைய எட்டணா, புதுசாக வந்த நயாபைசா என்று கலந்துகட்டி, அவர் விரித்த உள்ளங்கையில் வாய்விட்டு எண்ணி வைத்தாள். எழுபத்தெட்டு, எழுபத்தொம்போது, எண்பது.