பேரிங்கில் பதிந்த விரல்

சிரிக்கிறதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோர்வை அறுந்துவிடும். பேய், பிசாசு, கண்ணேறு எதையும் நான் மதித்தவளில்லை. இரும்பு சத்தம் போட்டால் எங்கோ ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என் வேதாந்தம். பழைய மரவேலை மெஷின்களை வாங்கி, துரு சுரண்டி, புது மோட்டார் மாட்டி ஓடவைப்பது என் பிழைப்பு. பெங்களூர் மர்பி டவுனில் தகரக் கூரை போட்ட ஷெட். மழை வந்தால் கூரையும் ஒரு மெஷின்தான்.

என் தம்பி ஜேம்ஸ் தச்சன். அத்திபெலே பக்கம் ஒரு பட்டறையில் இழைப்பு மெஷின் அவனுடைய இடதுகை ஆள்காட்டி விரலை அடியோடு கொண்டுபோய்விட்டது. புண் ஆறியது, பயம் ஆறவில்லை. எங்காவது மெஷின் சத்தம் கேட்டால் போதும், கையை அக்குளில் ஒளித்துக்கொள்வான். வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளவும் மனமில்லை, என் ஷெட் வாசலில் உட்கார்ந்து மரத்தூளைக் காலால் கிளறிக்கொண்டே பொழுதைப் போக்கினான். அவனை மறுபடி மரத்துக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அதற்காகவே ஒரு இழைப்பு மெஷினை எடுத்தேன். கோலார் தங்கவயல் பக்கம் மூடிக்கிடந்த தச்சுப் பட்டறையிலிருந்து பழைய இரும்பாக வந்தது. கத்திக்கு மேல் கவசம், முழங்கால் பட்டாலே நிற்கிற மாதிரி ஒரு சிவப்புப் பொத்தான், எல்லாம் அவன் பயத்தை அளந்து அளந்து மாட்டினேன். மிச்சமிருந்தது பேரிங். அந்தக் காலத்து பேரிங் கடையில் கிடைக்காது, ஈயம் மாதிரி ஒரு வெள்ளை உலோகத்தை உருக்கி, கத்தியைச் சுழற்றும் ஷாஃப்டுக்கு அடியில் ஊற்றி நாமே வார்க்க வேண்டும். ஊற்றுவதற்கு முன் ஷாஃப்டுக்குக் கரிப்புகை காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் விளக்குக்கு எங்கே போவது? கற்பூரம் வாங்கப் போனேன்.

கடைக்கார அண்ணன் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மாதாவுக்கும் ஆரத்தி ஆரம்பிச்சாச்சா?" என்றார்.

"மாதாவுக்கு இல்லண்ணா, மெஷினுக்கு."

"மெஷினுக்குன்னா எலுமிச்சம்பழமும் எடுத்துக்குங்க, சும்மா வெக்காதீங்க."

பட்டப்பகல். ஷெட்டில் நானும் ஜேம்ஸும் மட்டும். கற்பூரம் எரிந்து ஷாஃப்ட் மைபோலக் கறுத்தது. "தொட்றாதடா," என்றேன். அவன் எட்டி நின்று, "எதால தொடறது?" என்று விரலில்லாத இடத்தைக் காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஊற்றினேன். வெள்ளி நிறத்தில் ஒரு சின்னக் குளம், அப்புறம் அது கண்மூடிய மாதிரி மங்கி உறைந்தது.

ஆறவிட்டு ஷாஃப்டைத் தூக்கினால், நம்புங்கள் நம்பாமல் போங்கள், வழவழவென்று இருக்க வேண்டிய உலோகத்தில் ஒரு விரல் நுனி. ரேகை ரேகையாக. குறுக்கே சாய்வாக ஒரு கோடு. சின்ன வயதில் ஜேம்ஸ் பட்டம் விடும்போது மாஞ்சா நூல் அறுத்த தழும்பு, எந்த விரலில் என்று நான் சொல்ல வேண்டுமா? நான்தான் அன்றைக்குத் துணி சுற்றிவிட்டேன்.

கரியில் யாரோ கை வைத்திருப்பார்கள் என்று சொல்லுங்கள், நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். சுரண்டிச் சமன் செய்யச் சுரண்டியை எடுத்தேன். எப்படியும் செய்யவேண்டிய வேலைதான். ஜேம்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"விடுக்கா. அது இருக்கட்டும்."

"தேய்ஞ்சுபோயிடும்டா."

"போனா போகுது. நீ மூடு."

மூடினேன். எண்ணெய் விட்டேன். பெல்ட் மாட்டினேன். யாரும் கூப்பிடாமலே அவன் எழுந்து வந்து, ஒரு தேக்குப் பலகையை மேசைமேல் வைத்துத் தள்ளினான். ஒரே சீராக, நீளமாக, வாசனையோடு சுருள் விழுந்தது. நான் வெளியே போய் நின்று அழுதேன், அது வேறு கதை.

அன்றிலிருந்து அவன் வேலை செய்கிறான். அத்தோடு முடிந்திருந்தால் இதைச் சொல்லியே இருக்கமாட்டேன். ஒருநாள் ஸ்ரீராம்புரத்தில் ஒரு வீட்டுக்குக் கதவு மாட்டப் போயிருந்தான். இங்கே நான் அவசரத்துக்கு நாலு பலகை இழைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"அக்கா, மெஷின் ஓடுதா?"

"ஓடுது. ஏன்?"

"நிறுத்து. ஆயில் காஞ்சுபோச்சு. விரல் எரியுது."

"எந்த விரல்டா?"

"அதான்க்கா," என்று வைத்துவிட்டான். பேரிங் மூடியில் கை வைத்தேன், சுட்டது. ஆயில் கிண்ணம் வறண்டு கிடந்தது.

மனசு கேட்குமா? நம்பாதவளுக்குத்தான் சோதித்துப் பார்க்கிற அரிப்பு அதிகம். போன வாரம் நல்ல வெயில், ஜேம்ஸ் தெருமுனைக்கு டீ வாங்கப் போயிருந்தான், மெஷின் நின்றிருந்தது. ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து, துணியில் சுற்றி, பேரிங்மேல் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தேன்.

வலதுகையில் டீ பார்சலைத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் வந்துகொண்டிருந்தான். இடதுகையை வாயருகே தூக்கி, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே இருக்கும் காலி இடத்தில், குளிருக்கு ஊதுவதுபோல ஊதிக்கொண்டே வந்தான்.